‘கட்’ எங்கே வெட்டும், எங்கே வெட்டாது?

மலேசியாவில் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயின் கேள்வி இது. மகள் ஐந்தாம் படிவம். ‘அம்மாவின் ஒரு நாள்’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறாள். அதில் ‘கட்’ என்ற வினைச்சொல் ஏழு இடத்தில் வருகிறது. அம்மா ரப்பர் மரத்தைக் ‘கட்’ செய்கிறார். சம்பளத்தில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) ‘கட்’ செய்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் ‘கட்’ செய்கிறார். கோயில் திருவிழாவில் மாமா ஆடு ‘கட்’ செய்தார். டவுனுக்குப் போகும் வழியில் ஒரு லோரி அவர்கள் காடியைக் ‘கட்’ செய்தது. டவுனில் அம்மா முடியைக் ‘கட்’ செய்தார். இரவு சமைக்கும்போது விரலைக் ‘கட்’ செய்துகொண்டார். ஆசிரியர் ஏழையும் வட்டமிட்டு, ‘வேறு சொல் போடு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். ‘கட்’டுக்கு எத்தனை பொருள், மாற்றுச் சொற்களைப் பட்டியலாகத் தர முடியுமா என்று கேட்கிறார்.

பட்டியலை முதலில் தந்தால் கெடுதல்தான் அதிகம். மாற்றுச்சொல் அகராதியைத் திறந்தால் ‘சிவர்’, ‘ஹியூ’, ‘லாப்’, ‘க்ளீவ்’, ‘ஸ்லாஷ்’ என்று வரிசையாக நிற்கும். பிள்ளை அதிலிருந்து கண்ணுக்கு அழகாகத் தெரிவதை எடுத்து ‘மை மதர் சிவர்ஸ் ஆனியன்ஸ்’ என்று எழுதிவிடும். ‘சிவர்’ என்றால் உடம்போடு ஒட்டியிருந்ததை அறவே துண்டித்துவிடுவது. கையும் காலும் உறவும் சிவர் ஆகும், வெங்காயம் ஆகாது. பட்டியலில் இருக்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை.

எத்தனை பொருள் என்ற கேள்விக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. அகராதிக்கு அகராதி கணக்கு மாறும். ஆங்கிலத்தின் சின்ன வினைச்சொற்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அளவு மட்டும் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு. ஏறக்குறைய 430 பொருள். 2011-இல் அதே அகராதியின் திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் தேறியது. ‘கட்’டும் அந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய தலைதான். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையில் ஒரு வழி இருந்தால் போதும். அது தமிழிலேயே இருக்கிறது.

நாம் எதை எப்படி வெட்டுகிறோமோ அதற்கேற்ப வினையை மாற்றிக்கொள்கிறோம். அரிவாள்மனையில் காய் அரிகிறோம். கத்தியை வைத்து நறுக்குகிறோம். கதிரை அறுக்கிறோம். இளநீரைச் சீவுகிறோம். துணியைக் கத்தரிக்கிறோம். பலகையில் செதுக்குகிறோம். மீனில் கீறுகிறோம். இளநீரை நறுக்கினேன் என்றோ கதிரைச் சீவினேன் என்றோ வாய் தவறிக்கூட வராது. கை எப்படி அசைகிறது, கையில் என்ன ஆயுதம், கடைசியில் என்ன மிஞ்சுகிறது, இந்த மூன்றையும் வினைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஆங்கிலமும் அப்படித்தான். ‘கட்’ என்பது அந்த மூன்றையும் சொல்லாமல், கூர்மையான ஒன்று பட்டுப் பிரிந்தது என்பதை மட்டும் சொல்லும் பொதுச்சொல். ஆகவே பிள்ளை ‘கட்’ என்று எழுதியதும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இதைத் தமிழில் ‘வெட்டு’ என்பேனா, வேறு வினை சொல்வேனா? வேறு வினை என்றால் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் வேறு வினைதான். மலாயும் கைகொடுக்கும். ‘தோரே’, ‘தெபாங்’, ‘சந்தாஸ்’, ‘ஹிரிஸ்’, ‘சிஞ்சாங்’, ‘குந்திங்’ எல்லாம் ஒவ்வொரு வகை வெட்டுக்கும் உரிய சொற்கள், பள்ளியில் படித்தவைதானே. மலாயிலும் எல்லாவற்றையும் ‘பொத்தோங்’ (வெட்டு) என்று முடித்துவிட முடியாது.

இனி ஏழு வாக்கியத்துக்கு வருவோம். முதல் வாக்கியம்தான் மிக ஆபத்தானது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கலாம்.

தோட்டத்தில் ‘மரம் வெட்டப் போறேன்’ என்றால் பால் எடுக்கப் போகிறார் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதை அப்படியே ‘மை மதர் கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்’ என்று எழுதினால், படிக்கிற வெளியாளுக்கு அம்மா தினமும் ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார் என்று படும். ஒரே மாதத்தில் தோட்டம் மொட்டையாகிவிடும்! ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு உரிய வினை ‘டேப்’. ‘மை மதர் டேப்ஸ் ரப்பர் ட்ரீஸ்’ அல்லது ‘மை மதர் இஸ் எ ரப்பர் டேப்பர்’. தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் அதே சொல்தான். பீப்பாயில் துளையிட்டு உள்ளே இருப்பதை ஒழுகவிடுவது என்ற பொருளிலிருந்து வந்தது. மலாய் ‘தோரே’ இதற்கு நேர்.

ஆனால் ‘கட்’ இங்கே முற்றாக இல்லாமல் போய்விடவில்லை. பெயர்ச்சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டையில் போடும் அந்தச் சரிவான கோட்டுக்கு ஆங்கிலத்தில் ‘டேப்பிங் கட்’ என்று பெயர். ஒட்டுக்கட்டிய மரத்தில் இது இடப்பக்கம் உயரமாகத் தொடங்கி வலப்பக்கம் தாழ்ந்து, ஏறத்தாழ 30 டிகிரி சரிவில் மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓடும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. கீழிருந்து மேலே வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலம் இறங்கும் கோடு அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும் என்பதால்தான் அந்தத் திசை. ஒவ்வொரு தடவையும் சீவி எடுப்பது ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. மரத்தின் வளர்படைக்கு (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருந்து புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம்) மேலே சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையைத் தொடாமல் விட வேண்டும். கத்தி அதையும் தாண்டிப் போனால் மரத்தில் காயம். புதுப்பட்டை வழவழவென்று வளராமல் முண்டு முண்டாக எழும்பும், அடுத்த சுற்றில் அதன் மேல் கத்தி ஓடாது. இந்த வேலையை வினையாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஷேவ்’ அல்லது ‘பேர்’. ‘ஷி ஷேவ்ஸ் ஆஃப் எ தின் ஸ்ட்ரிப் ஆஃப் பார்க்’. கன்னத்தில் சவரம் செய்வதும் ‘ஷேவ்’, பட்டையைச் சீவுவதும் ‘ஷேவ்’. தமிழில் சீவுதல் என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் கிடைக்காது.

இதே இடத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘இன்சைஸ்’, ‘எக்சைஸ்’. முன்னது உள்ளே கீறுவது, பின்னது வெட்டி எடுத்துவிடுவது. அமேசான் காட்டில் பட்டையில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தது முதல் வகை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்புக்கு 1888-இல் வந்த ஹென்றி ரிட்லி, 1890-களில் செய்து பார்த்தது இரண்டாம் வகை. பழைய கோட்டின் விளிம்பிலேயே மெல்லிய பட்டையை மீண்டும் மீண்டும் சீவினால் மரம் சாகாமல் பால் தந்துகொண்டே இருக்கும் என்று காட்டினார். மலாயாவின் தோட்டங்கள் எல்லாம் அந்த ‘எக்ஸ்’ஸின் மேல்தான் எழும்பின என்று சொன்னால் மிகையில்லை. அறுவை சிகிச்சையில் வயிற்றைக் கீறுவது ‘இன்சிஷன்’, கட்டியை வெட்டி எடுப்பது ‘எக்சிஷன்’. மருத்துவமனை அறிக்கையில் இந்த ஈரெழுத்து வித்தியாசத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

வயதான மரத்தை மறுநடவுக்காகச் சாய்ப்பதற்கு வினை ‘ஃபெல்’. சாதாரணப் பேச்சில் ‘கட் டவுன்’. ‘ஃபெல்’லில் ஒரு குழி இருக்கிறது. ‘ஃபால்’ என்பதன் இறந்தகாலமும் ‘ஃபெல்’தான். ‘த ட்ரீ ஃபெல்’ என்றால் மரம் தானாக விழுந்தது. ‘தே ஃபெல்ட் த ட்ரீ’ என்றால் ஆள் சாய்த்தது. கடைசியில் ‘ட்’ ஒலி சேர வேண்டும். ‘கட் டவுன்’ என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அந்தக் குடும்பம் செம்பனைத் தோட்டத்தில் இருந்திருந்தால் ஒரே வேலையில் மூன்று வினை வந்திருக்கும். குலையை இறக்குவது ‘ஹார்வெஸ்ட்’. குலைக்குக் கீழே இருக்கும் மட்டையைக் கழிப்பது ‘ப்ரூன்’. கீழே விழுந்த குலையின் காம்பை ஒட்ட நறுக்குவது ‘ட்ரிம்’. காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் தரம் பிரிக்கும்போது அதை ‘லாங் ஸ்டாக்’ என்று ஒதுக்கிக் கணக்குப் பார்ப்பார்கள். எண்ணெய் இல்லாத காம்புக்கு ஆலை ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ‘ப்ரூன்’ செய்வது செடியின் நலனுக்காக. ‘ட்ரிம்’ செய்வது ஓரத்தில் மிச்சமாக நீட்டிக்கொண்டிருப்பதைச் சரிசெய்ய. மீசையை ‘ட்ரிம்’ செய்யலாம், ‘ப்ரூன்’ செய்ய முடியாது. புல் வெட்டுவதற்கு ‘கட் த கிராஸ்’ என்பதே சரியான ஆங்கிலம். அதை மாற்றி ‘மோ’ என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. ‘மோ’ பங்களா முன்னால் இருக்கும் புல்தரைக்கு நன்றாகப் பொருந்தும். வரிசைக்கு நடுவில் மண்டிக்கிடக்கும் புதருக்குப் ‘ஸ்லாஷ்’ போடலாம்.

வெங்காயம். ‘கட் ஸ்மால் ஸ்மால்’ என்று எழுதியிருப்பாள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். ‘பொடிப்பொடியாக’ என்று இரட்டித்துச் சொல்லும் தமிழ்ப் பழக்கமும், ‘கெச்சில் கெச்சில்’ என்னும் மலாய்ப் பழக்கமும் சேர்ந்து வந்தது அது. பசாரில் பேசுவதற்குக் குற்றமில்லை. கட்டுரையில் ‘ஷி சாப்ஸ் த ஆனியன்ஸ் ஃபைன்லி’. சமையல் வினைகளைக் கத்தியின் அசைவாகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம். கத்தி மேலிருந்து கீழே தொப் தொப்பென்று விழுந்து, துண்டுகள் முன்னே பின்னே இருந்தால் ‘சாப்’. வெள்ளரிக்காய் மாதிரி மெல்லிய வில்லைகளாக வந்தால் ‘ஸ்லைஸ்’. சாம்பாருக்கு உருளைக்கிழங்கைச் சதுரமாகப் போடுவது ‘டைஸ்’. தாயக்கட்டைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் வினையாகிவிட்டது. இஞ்சி பூண்டை இதற்குமேல் வெட்ட முடியாது என்ற அளவுக்குக் கொத்துவது ‘மின்ஸ்’. முட்டைக்கோசை நூல் நூலாக அரிவது ‘ஷ்ரெட்’. தேங்காய் துருவுவது ‘க்ரேட்’. அதை ‘ஸ்க்ரேப்’ என்று எழுதினாலும் புரியும். மசாலா உள்ளே இறங்குவதற்காகக் கெம்போங் மீனின் இரு பக்கமும் மூன்று கீறல் போடுகிறோமே, அது ‘ஸ்கோர்’. பந்தாட்டத்தில் கோல் அடிப்பதும் ‘ஸ்கோர்’தான்; அந்தக் காலத்தில் கணக்கு வைக்கக் குச்சியில் கீறல் போட்டார்கள், அந்தக் கீறல்தான் இரண்டுக்கும் தாய்.

சொல்லுக்குப் பின்னால் வரும் இடைச்சொல்லில் பிள்ளைகள் தடுமாறுவது அதிகம். இரண்டாக, நாலாக, துண்டுகளாக என்று வரும் ‘ஆக’வுக்கு ‘இன்டு’: ‘கட் இட் இன்டு ஃபோர் பீசஸ்’. பாதியாக என்றால் ‘இன்’: ‘கட் இட் இன் ஹாஃப்’. ‘கட் இட் டு பீசஸ்’ என்று எழுதினால் ஆத்திரத்தில் கண்டதுண்டமாக வெட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ‘கட் அப்’ என்றால் முழுசாக இருந்ததைச் சின்னச் சின்னதாக ஆக்கிவிடுவது; ‘கட் அவுட்’ என்றால் தாளிலிருந்து படத்தைக் கத்தரித்து எடுப்பது.

இதுவரை சொன்னதில் இன்னொன்றும் புலப்பட்டிருக்கும். சமையலறையிலும் தோட்டத்திலும் வருபவை பெரும்பாலும் ஓரசைச் சொற்கள்; மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வருபவை ‘இன்சிஷன்’, ‘ஆம்ப்யூட்டேஷன்’, ‘டிசெக்ஷன்’ என்று நீளுபவை. நீளமானவை லத்தீனிலிருந்து வந்தவை. ‘கட்’ என்ற சொல்லே ஆங்கிலத்தில் 1300 வாக்கில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சொற்களில் ஒன்றுதான் இன்றைய ‘கார்வ்’. புதிதாக வந்த ‘கட்’ எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டு, பழைய ‘கார்வ்’வை மரச்சிற்பத்துக்கும் பொரித்த முழுக்கோழியைப் பந்தியில் துண்டு போடுவதற்கும் ஒதுக்கிவிட்டது. லத்தீன் வழி வந்த ‘டிசைட்’ என்ற சொல்லின் வேரிலும் வெட்டுதான் இருக்கிறது. வெட்டி முடிப்பது என்பதுதான் முடிவெடுப்பது ஆயிற்று. தமிழில் ‘துணி’ என்ற வினையைப் பாருங்கள். அறுபடுவதும் துணிதல், முடிவுக்கு வருவதும் துணிதல். துண்டும் துணியும் துணிவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சம்பள வாக்கியம். ‘தே கட் இ.பி.எஃப். ஃப்ரம் ஹர் சேலரி’ என்பதில் இரண்டு கோளாறு. ஆங்கிலத்தில் ‘கட்’ செய்யப்படுவது சம்பளம், அதாவது அதன் அளவே குறைக்கப்படுகிறது. ‘பே கட்’ என்றால் முதலாளி இனி குறைவாகத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். இ.பி.எஃப். அப்படி இல்லை, சம்பளம் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து ஒரு பங்கு சேமிப்புக்குப் பிடிக்கப்படுகிறது. இந்தப் பிடித்தத்துக்கு வினை ‘டிடக்ட்’. தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு; 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு 187 ரிங்கிட். ‘இ.பி.எஃப். கான்ட்ரிபியூஷன்ஸ் ஆர் டிடக்டட் ஃப்ரம் ஹர் வேஜஸ்’. யார் பிடிக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் ‘தே’யும் போய்விட்டது. சமூகப் பாதுகாப்புக்குப் பிடிக்கும் ‘சொக்சோ’வும் இப்படித்தான். கடையில் பேசுகிற ‘மைனஸ் இ.பி.எஃப்.’ எழுத்தில் வேண்டாம். சம்பளச் சீட்டைப் பார்த்து யாரிடமாவது ஆங்கிலத்தில் முறையிட வேண்டி வந்தால் இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை. ‘மை சேலரி வாஸ் கட்’ என்று எழுதினால் அது முதலாளி மேல் குற்றச்சாட்டு.

பணம், நேரம், விலை குறைவதற்கு ‘கட்’ நல்ல சொல்தான். செய்தித்தாள்கள் நாள்தோறும் பயன்படுத்துகின்றன. இங்கே கவனிக்க வேண்டியவை ‘பை’யும் ‘டு’வும். 2025 ஜூலையில் பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. எவ்வளவு குறைந்தது என்றால் ‘பை’: 0.25. எதில் வந்து நின்றது என்றால் ‘டு’: 2.75. ‘பை’ போட வேண்டிய இடத்தில் ‘டு’ போட்டால் வட்டி கால் விழுக்காடு ஆகிவிடும். மாற்றுச் சொற்களில் ‘ரெட்யூஸ்’ எங்கும் செல்லும். ‘ட்ரிம்’ கொஞ்சமாகக் குறைப்பது. ‘ஸ்லாஷ்’ ஒரேயடியாகக் குறைப்பது. ‘ஆக்ஸ்’ அடியோடு ஒழிப்பது. வேலையிடங்களையும் திட்டங்களையும் கோடரியால் சாய்ப்பதாகத் தலைப்பு போடுவார்கள். ‘கர்ட்டெய்ல்’ என்பது உரிமை, பயணம் போன்றவற்றைச் சுருக்குவது. காய்கறி விலைக்குப் பொருந்தாது. மின்சாரத்துக்கு இரண்டு உண்டு. ஊர் முழுக்கப் போனால் ‘பவர் கட்’ அல்லது ‘அவுட்டேஜ்’. பில் கட்டாததால் வீட்டுக்கு மட்டும் நிறுத்தினால் ‘டிஸ்கனெக்ட்’ அல்லது ‘கட் ஆஃப்’. பேசிக்கொண்டிருக்கும்போது போன் அறுந்துபோனால் ‘லைன் கட்’ இல்லை; ‘வி வர் கட் ஆஃப்’.

ஆடு வெட்டியது அடுத்தது. ‘மை அங்கிள் கட் எ கோட்’ என்றால் ஆட்டின் மேல் எங்கோ கத்தியால் கீறிவிட்டார் என்றுதான் பொருள்படும். ஆடு இன்னும் நின்றுகொண்டிருக்கும். முனியாண்டிக்கோ மதுரைவீரனுக்கோ நேர்ந்துவிட்ட கிடா என்றால் ‘சாக்ரிஃபைஸ்’. இறைச்சிக்காக என்றால் ‘ஸ்லாட்டர்’. கோழி அறுப்பதும் ‘ஸ்லாட்டர்’தான். அறுத்து முடித்தபின் கறியைத் துண்டு போடும்போதுதான் ‘கட் அப்’ வருகிறது. ‘புட்சர்’ என்பதைக் கவனமாகக் கையாள வேண்டும்; தொழிலாகச் சொன்னால் கசாப்புக்காரர், வினையாகச் சொன்னால் சில இடங்களில் கொடூரமாகக் கொன்றது என்ற நிழல் விழும். மாமாவுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

இந்த வாக்கியம் பெரிய வகை ஒன்றின் மாதிரி. தமிழில் ‘வெட்டு’ என்று சொல்லி ஆங்கிலத்தில் ‘கட்’ வராத இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கிணறு வெட்டுவது ‘டிக்’. சதுரங்கத்தில் குதிரையை வெட்டுவது ‘டேக்’ அல்லது ‘கேப்ச்சர்’. மின்னல் வெட்டுவது ‘ஃப்ளாஷ்’. ‘வெட்டிப் பேச்சு’ என்பது ‘ஐடில் டாக்’. ‘வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு’ என்று பேசுகிறவரை ஆங்கிலத்தில் ‘ப்ளண்ட்’ என்பார்கள். ப்ளண்ட் என்றால் மழுங்கிய கத்தி! நாம் கூர்மையாகப் பார்த்த குணத்தை அவர்கள் மழுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். கூர்மை பக்கம் ‘கட்டிங் ரிமார்க்’ என்ற தொடர் இருக்கிறது. அது நமக்குக் குத்தல் பேச்சு. கேக் வெட்டுவதும் ரிப்பன் வெட்டுவதும் மட்டும் ஒன்றுக்கொன்று நேர், ஏனென்றால் வழக்கமே அங்கிருந்து வந்ததுதான்.

லோரி. ‘எ லோரி கட் அவர் கார்’ என்பது மலாய் ‘பொத்தோங்’கின் நிழல். மலாயில் முடியை வெட்டினாலும் சம்பளத்தைப் பிடித்தாலும் முன்னால் போகும் காடியை முந்தினாலும் ‘பொத்தோங்’ என்றே சொல்லலாம். சதுரக்கட்டியாகக் குச்சியில் வரும் ஐஸ்கிரீமும் ‘பொத்தோங்’. நாம் மூன்று மொழியும் கலந்து பேசுவதால் அந்த முந்துதல் ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. வெளிநாட்டு வாசகருக்கு அந்த வாக்கியம் லோரி காரை இரண்டாகப் பிளந்துவிட்டது போலத் தெரியும். வெறுமனே முந்தியது என்றால் ‘ஓவர்டுக்’. முந்திவிட்டு மூக்குக்கு முன்னால் நுழைந்து பிரேக் போட வைத்தது என்றால் ‘கட் இன் ஃப்ரன்ட் ஆஃப் அஸ்’ அல்லது ‘கட் அஸ் ஆஃப்’. ‘கட்’டுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்தான் வாக்கியத்தைக் காப்பாற்றுகிறது. ‘கட் க்யூ’வும் நம் வட்டாரப் பேச்சு. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஜம்ப் த க்யூ’, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) தாளில் அதை எழுதுவது பாதுகாப்பு. குறுக்கு வழியில் திடலைத் தாண்டிப் போவது ‘கட் அக்ராஸ் த ஃபீல்ட்’, இது சரி. ‘கட் கார்னர்ஸ்’ என்பதற்கும் சாலை முனைக்கும் சம்பந்தமில்லை. காசையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையை அரைகுறையாக முடிப்பது. வகுப்புக்கு மட்டம் போடுவதை அமெரிக்கர்கள் ‘கட் கிளாஸ்’ என்பார்கள். நமக்கு ‘ஸ்கிப்’ அல்லது ‘ப்ளே ட்ரூயன்ட்’.

முடி. ‘ஷி கட் ஹர் ஹேர்’ என்றால் கண்ணாடி முன்னால் நின்று தானே கத்தரித்துக்கொண்டார் என்று முதலில் தோன்றும். ஆங்கிலேயர்களும் பேச்சில் இப்படிச் சொல்லிவிடுவது உண்டு, ஆனால் பரீட்சையில் ‘ஷி ஹேட் ஹர் ஹேர் கட்’ என்று எழுதினால் வேலையைச் செய்தது கடைக்காரர் என்பது தெளிவாகும். தமிழில் ‘வெட்டிக்கொண்டார்’, ‘வெட்டச் சொன்னார்’ என்பதற்குள் இருக்கும் இடைவெளியை ஆங்கிலம் இந்த ‘ஹேட்’டால் நிரப்புகிறது. தைக்கக் கொடுத்த ரவிக்கை, பழுது பார்க்கக் கொடுத்த மோட்டார் எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. சொல் மாற வேண்டாம், வாக்கியம்தான் மாற வேண்டும்.

இந்த வாக்கியத்தில் ‘கட்’டின் உருவம் மாறவில்லை என்பதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்த வடிவம் மூன்றும் ‘கட்’தான். ‘கட்டட்’ என்று ஒன்று கிடையாது. ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’, ‘ஹர்ட்’, ‘காஸ்ட்’ எல்லாம் இதே சாதி. ‘ஷி கட்ஸ்’ என்றால் தினமும், ‘ஷி கட்’ என்றால் நேற்று. அந்த ஒரு ‘ஸ்’தான் காலத்தைக் காட்டும். ‘இங்’ சேரும்போது ‘டி’ எழுத்தை இரண்டாகப் போட வேண்டும். உச்சரிப்பில் கடைசியில் உகரம் சேர்த்து ‘கட்டு’ ஆக்கிவிடாமல் ‘ட்’டோடு நாக்கை நிறுத்த வேண்டும், உயிரெழுத்தை நீட்டினால் ‘கார்ட்’ என்று மாட்டுவண்டி ஆகிவிடும்.

கடைசியில் விரல். ‘ஷி கட் ஹர் ஃபிங்கர்’ என்றாலே தெரியாமல் பட்டுவிட்டது என்று பொருள்; ‘பை மிஸ்டேக்’ சேர்க்க வேண்டாம். ஆனால் இதில் ‘ஆஃப்’ என்ற சொல் தவறி நுழைந்துவிட்டால் விரலே போய்விட்டது. வேலையிடத்து விபத்துக்குப் படிவம் நிரப்பும்போது இது விளையாட்டல்ல. ‘ஃபிங்கர் கட்’ என்று இரண்டு சொல்லில் முடித்தால், கீறலா, ஆழமான வெட்டா, துண்டிப்பா என்று படிப்பவருக்குத் தெரியாது. எந்தக் கை, எந்த விரல், எவ்வளவு நீளம், எதனால் என்று எழுத வேண்டும். லேசாகத் தோல் கிழிந்தது ‘நிக்’. நீளமாகவும் ஆழமாகவும் பிளந்தது ‘கேஷ்’. நரம்போ தசைநாணோ முழுக்க அறுந்தது ‘சிவர்ட்’. மருத்துவர் எடுத்துவிட்டார் என்றால் ‘ஆம்ப்யூட்டேட்டட்’. தடயவியல் மருத்துவத்தில் கூரான ஆயுதத்தால் பட்டதை ‘இன்சைஸ்ட் வூண்ட்’ என்றும், மொட்டையான பொருள் மோதிக் கிழித்ததை ‘லேசரேஷன்’ என்றும் பிரிப்பார்கள். கிளினிக்கில் பல நேரம் இரண்டையும் ‘லேசரேஷன்’ என்றே எழுதிவிடுவார்கள். சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆக, அந்தப் பிள்ளை ஐந்து இடத்தில் ‘டேப்ஸ்’, ‘டிடக்டட்’, ‘சாப்ஸ்’, ‘சாக்ரிஃபைஸ்ட்’, ‘ஓவர்டுக்’ என்று மாற்றட்டும். முடி வாக்கியத்தில் ஒரு ‘ஹேட்’ சேரட்டும். விரல் வாக்கியத்தை ஆசிரியர் வட்டமிட்டிருந்தாலும் அப்படியே விட்டுவிடலாம். சமைக்கும்போது கத்தி பட்டதற்கு ஆங்கிலத்தில் ‘கட்’டைவிடச் சரியான சொல் இல்லை.